கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஜர்னலிசமா, பெங்களூரிலேயே டிகிரியா?

கேள்வி: அல்சூர் ஏரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மகள் செகண்ட் பியு (பன்னிரண்டாவது) முடித்துவிட்டாள், ஆர்ட்ஸ் பிரிவு. நிருபர் வேலைதான் என்று உறுதியாக நிற்கிறாள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் பேசுவாள். தமிழ் நன்றாகப் படிப்பாள், எழுதுவது சுமார். கன்னடம் பள்ளியில் இரண்டாம் மொழி.

சான் ஹோஸேயில் இருக்கும் என் தம்பி, "கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் ஜர்னலிசம் படிக்கட்டும், அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்ளலாம். என் வீட்டிலேயே தங்கலாம், செலவு ரொம்பக் கம்மி" என்கிறான். அவன் சொன்ன கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 46 டாலர். அந்தக் கணக்கு சரியா? இரண்டு வருஷம் முடித்ததும் அங்கே பத்திரிகையில் வேலை கிடைக்குமா? கிடைக்காமல் திரும்பி வந்தால் அந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஐ-20 கோப்பு

அக்கா, உங்கள் தம்பி தவறாகச் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னது கலிபோர்னியாவில் குடியிருப்புரிமை உள்ளவர்களுக்கான கட்டணம். எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர் மாமா வீட்டில் எத்தனை வருஷம் தங்கினாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான கட்டணத்தை ஒவ்வொரு கல்லூரி மாவட்டமும் தனித்தனியாக வைக்கிறது. பல இடங்களில் ஒரு யூனிட் 300 டாலரைத் தாண்டும். 350 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 30 யூனிட், 10,500 டாலர். உள்ளூர்ப் பிள்ளைக்கு அதே 30 யூனிட் 1,380 டாலர்தான். இதோடு கட்டாய மருத்துவக் காப்பீடு, புத்தகம், போக்குவரத்து. வாடகையும் சாப்பாடும் மாமா வீட்டில் என்றால் பெரிய மிச்சம்தான், மறுக்கவில்லை.

இன்னொரு குழப்பம். சான் ஹோஸே பக்கத்தில் இருக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகள், அதாவது கல்வியாண்டில் மூன்று பருவம். மற்ற பெரும்பாலான கல்லூரிகள் செமஸ்டர் முறை, இரண்டு பருவம். செமஸ்டர் முறையில் 60 யூனிட் என்றால் குவார்ட்டர் முறையில் அது 90. ஒரு யூனிட்டின் விலையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் குவார்ட்டர் கல்லூரி மலிவு போலத் தெரியும். எப்போதும் முழுப் படிப்புக்கான தொகையைப் பெருக்கிப் பாருங்கள்.

சேர்வதற்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வு தேவையில்லை, ஆங்கிலத் தேர்வில் கேட்கும் மதிப்பெண்ணும் பல்கலைக்கழகங்களை விடக் குறைவு. கல்லூரி இடம் கொடுத்து, முதல் ஆண்டுச் செலவுக்கான வங்கி ஆதாரத்தைப் பார்த்த பிறகுதான் விசாவுக்குத் தேவையான ஐ-20 சேர்க்கைப் படிவம் வரும். மாமா பொறுப்பேற்றால் அவருடைய ஸ்பான்சர் கடிதமும் வங்கி அறிக்கையும் வேண்டும். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம், நேர்காணல். உறவினர் அங்கே இருப்பதைப் படிவத்தில் மறைக்கவே கூடாது. நேர்காணலில் "எதற்கு இந்தக் கல்லூரி?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "மாமா வீடு பக்கம்" என்று சொன்னால் வாய்ப்பு போச்சு. எந்தப் பாடங்களை எடுத்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறாள் என்பதை அவள் வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட். ஆன்லைன் வகுப்பில் ஒன்றுதான், அதுவும் 3 யூனிட் வரைதான், அந்தக் கணக்கில் சேரும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை செய்யலாம், மாணவர் பத்திரிகையில் சம்பளப் பொறுப்பு இருந்தால் அதுவும் இதில் அடங்கும். வெளியில் ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதி 50 டாலர் வாங்கினாலும் அனுமதி இல்லாத வேலைதான். ஜர்னலிசம் மாணவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் அப்படி எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கல்வியாண்டு முழுதாக முடிந்த பின் சிபிடி என்ற, படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான அனுமதியோடு இன்டர்ன்ஷிப் செய்யலாம்.

இனி வேலை. இரண்டு வருஷ அசோசியேட் பட்டம் முடிந்ததும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 12 மாதத்தில் வேலையில்லாத நாள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் ஜர்னலிசத்துக்குக் கிடையாது. அதற்குப் பிறகு எச்1பி வேலை விசா, அது குலுக்கல். அந்தச் செலவையும் காத்திருப்பையும் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2005-இல் இருந்த அமெரிக்கப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை. மூடியவற்றில் பெரும்பாலானவை சிறு ஊர் வார இதழ்கள். அசோசியேட் பட்டத்தோடு வருகிறவருக்கு முதல் வேலை கொடுத்துவந்தவை அவைதான்.

ஆகவே "இரண்டு வருஷம் முடித்ததும் அங்கேயே வேலை" என்பதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு வருஷத்துக்கும் பணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மூன்றாம் வருஷம் சான் ஹோஸே ஸ்டேட் போன்ற இடத்துக்கு மாறும்போது அடிப்படைக் கட்டணத்தோடு வெளியார் கட்டணம் யூனிட் கணக்கில் தனியாகச் சேரும். செலவு அங்கேதான் ஏறும்.

திரும்பி வந்தால்? இரண்டு வருஷ அசோசியேட் பட்டம் இங்கே இளங்கலைப் பட்டத்துக்குச் சமம் ஆகாது. பட்டப்படிப்பு கேட்கும் எந்த பிஜி டிப்ளமாவிலும் அதை வைத்துச் சேர முடியாது. பாதியில் திரும்புவதுதான் இந்த வழியில் பெரிய நஷ்டம்.

பதில் 2: நாலாம் பக்கம்

மேலே உள்ள பதில் விசாப் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டது. படிப்புப் பக்கம் இரண்டு விஷயம்.

அங்கே அனுப்புவதாக இருந்தால், கல்லூரியின் ஜர்னலிசம் துறையைப் பார்ப்பதற்கு முன் அதன் மாணவர் பத்திரிகையைப் பாருங்கள். டி ஆன்சாவில் 'லா வோஸ்', சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் 'கார்ட்ஸ்மேன்', மாறப்போகும் சான் ஹோஸே ஸ்டேட்டில் 'ஸ்பார்ட்டன் டெய்லி'. எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கடைசி மூன்று மாத இதழ்களை எடுத்து மகளையே எண்ணச் சொல்லுங்கள்: கல்லூரி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போய் எழுதிய செய்தி எத்தனை, பட்ஜெட்டைப் படித்து எழுதியது எத்தனை, விழாச் செய்தி எத்தனை. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் செய்தி ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே கற்க அதிகம் இல்லை. கம்யூனிட்டி காலேஜின் பலமே முதல் பருவத்திலேயே செய்தி எழுத விடுவதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

இரண்டாவது, அந்த 60 யூனிட்டையும் ஜர்னலிசத்திலேயே கொட்டக் கூடாது. ஆர்வமுள்ள பிள்ளைகள் செய்யும் பிழை இது. செய்தி எழுதுதல், வெகுஜன ஊடக அறிமுகம், பத்திரிகைப் பயிற்சி என்று 18 யூனிட் அளவில் போதும். மாறிய பிறகு பல்கலைக்கழகம் அதற்கு மேல் உள்ளவற்றைப் பட்டக் கணக்கில் எடுக்காமல் போகலாம். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் கல்லூரிப் பெயரும் பல்கலைக்கழகப் பெயரும் கொடுத்துப் பார்க்கலாம். சான் ஹோஸே ஸ்டேட் போன்ற கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட்) பல்கலைக்கழகங்களுக்கு மாற நான்கு பாடங்கள் முடித்திருக்க வேண்டும்: பேச்சு, எழுத்து, தர்க்கம், கணிதம். எழுத்துப் பிள்ளைகள் கணிதத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அதில் தவறினால் மாறுதல் ஒரு வருஷம் தள்ளிப்போகும், எஃப்-1 மாணவருக்கு அந்த ஒரு வருஷம் இன்னொரு 10,000 டாலர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 2.4. விண்ணப்பம் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே போட வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரை:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. நான்கு வருஷச் செலவு எங்களால் ஆகாது. அப்படியானால் பெங்களூரில் என்ன செய்வது? ஒரு வருஷ டிப்ளமா தரும் சின்ன இன்ஸ்டிடியூட்கள் நிறைய விளம்பரம் கொடுக்கின்றன. சமுதாயக் கல்லூரி என்றும் சொல்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகையில் இங்கே வாய்ப்பு உண்டா?

பதில் 3: சிவாஜிநகர் டெஸ்க்

நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் வேறு பொருள். தொழில்திறன் சொல்லிக்கொடுக்கும் சான்றிதழ், டிப்ளமா படிப்புகள் அவை. கேமரா, எடிட்டிங் கற்க உதவும். அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறும் அமெரிக்க ஏற்பாட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்கு முதலில் டிகிரி வேண்டும். டிகிரி இல்லாத டிப்ளமா செய்தி அறையில் சில கதவுகளைத் திறந்தாலும் பிற்பாடு பதவி உயர்விலும் மேற்படிப்பிலும் மூடிவிடும்.

கர்நாடகத்தில் 2024-25 முதல் டிகிரி மறுபடி மூன்று வருஷம். பெங்களூரின் பல ஆர்ட்ஸ் கல்லூரிகளில் ஜர்னலிசத்தை இன்னும் இரண்டு பாடங்களோடு சேர்த்து எடுக்கலாம். அந்த இரண்டு எவை என்பதுதான் முக்கியம். என் கருத்து: பொருளாதாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், மற்றது அரசியல் அறிவியல் அல்லது புள்ளியியல். பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்த நிருபர்களுக்கு எந்த மொழியிலும் தட்டுப்பாடு. டிகிரிக்குப் பிறகு ஒரு வருஷ பிஜி டிப்ளமா. சென்னையில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 1994-இல் பெங்களூரில்தான் தொடங்கியது, 2000-இல் சென்னைக்கு மாறியது. டெல்லி ஐஐஎம்சி (இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம்) இன்னொன்று. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு.

சின்ன இன்ஸ்டிடியூட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்: பாடம் நடத்துகிறவர் இப்போது எங்கே எழுதுகிறார்? போன வருஷ மாணவர்கள் பைலைனோடு, அதாவது தங்கள் பெயரோடு, வெளியிட்ட ஐந்து செய்திகளைக் காட்ட முடியுமா? வாரத்துக்கு எத்தனை செய்தி எழுதித் திருத்தி வாங்குவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ப்ரஸ் கார்டு தருகிறோம் என்பவர்கள் பக்கமே போக வேண்டாம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி தரும் அங்கீகாரத்துக்கே முழுநேர நிருபராக 5 வருஷ அனுபவம் வேண்டும். அச்சு இதழ் என்றால், இதழ்களைப் பதிவு செய்யும் மத்திய அலுவலகமான பிஆர்ஜிஐ-யில் பதிவு இருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடலாம்.

தமிழ்ப் பத்திரிகை விஷயம் மனம் திறந்து சொல்கிறேன். தினத்தந்தி இங்கே பதிப்பு போடுகிறது, தினச்சுடர் இந்த ஊர்ப் பத்திரிகை, மற்ற தமிழ் நாளிதழ்களுக்கும் சேனல்களுக்கும் நிருபர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இங்கே ஓரிருவர்தான். காலியிடம் விளம்பரத்தில் வராது, ஆள் தெரிந்துதான் நிரம்பும். செய்தியைத் திருத்தும் டெஸ்க் வேலையும் வீடியோ ஸ்கிரிப்ட் வேலையும் சென்னையில்தான் அதிகம். பகுதிநேர நிருபராக, அதாவது ஸ்ட்ரிங்கராக ஆரம்பித்தால் செய்திக்கு இவ்வளவு என்று பணம் வரும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. மேலே வர நாலைந்து வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

உங்கள் மகளின் உண்மையான மூலதனம் கன்னடம். போலீஸ் எஃப்ஐஆர், மாநகராட்சி அறிவிப்பு, சட்டசபைப் பதில் எல்லாம் கன்னடத்தில் வருகின்றன. பேசத் தெரிந்தால் போதாது. அரசுக் கன்னடம் தனி மொழி மாதிரி. தினமும் ஒரு சுற்றறிக்கையை எடுத்து, அகராதியை வைத்துத் தமிழில் 100 சொல்லில் சுருக்கி எழுதட்டும். ஆறு மாதத்தில் பழகிவிடும். 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். எந்த வேலை யாரிடம் என்று பலருக்கு இன்னும் புரியவில்லை. புதிதாக வருகிற ஒருவர் இதை மட்டும் துல்லியமாகப் படித்து வைத்தாலே ஒரு பீட், அதாவது தொடர்ந்து செய்தி சேகரிக்கும் தனித் துறை, கையில் இருக்கும்.

பதில் 4: டி.எம்.சி. கணக்கு

கன்னடம் தமிழ் இரண்டும் தெரிந்தவருக்கு இந்த ஊரில் காவிரியை விடப் பெரிய பீட் இல்லை. இரண்டு பக்கத்து ஆவணத்தையும் நேராகப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு, அதனால்தான் இரண்டு பக்கமும் பிழையான செய்தி ஓடுகிறது. வேலைக்குப் போகும் முன்பே அவள் பயிற்சி செய்ய ஏற்ற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கனஅடி என்று செய்தியில் வருவது ஒரு வினாடிக்கு ஓடும் அளவு. டி.எம்.சி. என்பது மொத்தக் கொள்ளளவு, நூறு கோடி கனஅடி. வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுதும் ஓடினால்தான் 1 டி.எம்.சி. ஆக "5,000 கனஅடி வீதம் 15 நாள்" என்றால் 5,000 × 86,400 × 15, அதாவது 6.48 டி.எம்.சி. தலைப்பில் "5,000 கனஅடி தண்ணீர் திறப்பு" என்று மட்டும் போட்டால் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னது 192. மாதப் பங்கீடு ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. இந்த எண்களை மேசை மேல் ஒட்டிவைத்தால், யார் என்ன பேட்டி கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

அணை நீர்மட்டத்திலும் இதே கவனம் வேண்டும். மேட்டூர் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி என்றால் பாதி அணை இல்லை. அணை அடியில் குறுகி மேலே விரிகிறது, அதனால் பாதி உயரத்தில் பாதிக்கு வெகு குறைவாகவே தண்ணீர் இருக்கும். கர்நாடகத்தின் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணையில் திறந்த அளவும் பிலிகுண்டுலுவில் பதிவான அளவும் ஒன்றல்ல. தீர்ப்பு கணக்கெடுப்பது பிலிகுண்டுலுவில். எந்த இடத்து எண் என்று எழுதாத செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்து ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. டிகிரி முதல் வருஷத்திலேயே பழகலாம். கட்டணம் 10 ரூபாய், கர்நாடக அரசுத் தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். இங்கே ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொல்லுக்குள். இதை மீறினால் அதையே காரணமாக்கித் தள்ளுவார்கள். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்கவே கூடாது, காரணம் கேட்பது தகவல் அல்ல என்று பதில் வரும். "இன்ன வார்டில் இன்ன தெருவில் 2025 ஏப்ரல் முதல் நடந்த சாலைப் பணியின் ஒர்க் ஆர்டர், பில் தொகை, முடித்த தேதி, மெஷர்மென்ட் புக் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். செய்த பணியின் அளவைக் குறித்துவைக்கும் மெஷர்மென்ட் புக்தான் உயிர். அதில் எழுதிய நீள அகலத்தை டேப் வைத்துத் தெருவில் அளந்தாலே செய்தி கிடைத்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேதிகளை நோட்டில் குறித்துவைக்காமல்தான் பெரும்பாலான மனுக்கள் செத்துப்போகின்றன.

வேலை தேடும்போது கையில் பத்து செய்தி இருந்தால் போதும், ஆனால் பத்தும் விழாச் செய்தியாக இருக்கக் கூடாது. ஆர்டிஐ ஆவணத்தில் எழுதியது இரண்டு, கோர்ட் உத்தரவைப் படித்து எழுதியது இரண்டு, கூட்டத்தில் உட்கார்ந்து எழுதியது இரண்டு, ஒரு எண்ணைச் சரிபார்த்துத் திருத்தியது ஒன்று, மீதி அவள் விருப்பம். தமிழில் எழுதும்போது இன்ட்ரோ, அதாவது செய்தியின் தொடக்க வாக்கியம், 20 சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் என்ன நடந்தது என்பது நாலாவது வரியில்தான் தெரியவரும். முதல் வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, யார் சொன்னார் என்பதை அடுத்ததில் வைக்கலாம்.

சட்டத்தில் மூன்று மட்டும் முதல் நாளே தெரிய வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர் மட்டுமல்ல, தெரு, பள்ளி, உறவு என்று அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 23-உம் சேரும். அவதூறு இப்போது நியாய சன்ஹிதாவில் பிரிவு 356, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு.

பதில் 5: கண்டோன்மென்ட் கலைவாணி

ஒரு மாற்றுக் கருத்து. அமெரிக்க வழியை அடியோடு மூட வேண்டாம். இங்கே மூன்று வருஷ டிகிரி, இரண்டு வருஷ வேலை, அதற்குப் பிறகு அங்கே முதுகலை என்றால் உதவித்தொகைக்கும் வாய்ப்பு உண்டு, கையில் வெளியான செய்திகளும் இருக்கும். பதினெட்டு வயதில் வெறுங்கையோடு போவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம். திரும்பி வந்தாலும் இளங்கலைப் பட்டம் இங்கேயே இருக்கும்.

அல்சூர் ஏரிக்கரை:

அப்படியே செய்கிறோம். இந்த வருஷம் இங்கேயே டிகிரி, பொருளாதாரத்தோடு. கடைசியாக ஒன்று: அவள் போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழ் எழுதுகிறாள். அது போதுமா, டைப்பிங் தனியாகக் கற்க வேண்டுமா?

பதில் 6: சிவாஜிநகர் டெஸ்க்

கற்க வேண்டும், இப்போதே. ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ல, ள, ழ மூன்றுக்கும் ந, ன, ண மூன்றுக்கும் மென்பொருள் தரும் பரிந்துரையை நம்ப வேண்டியிருக்கிறது, தவறு கண்ணில் படாமல் போய்விடும். தமிழ்99 விசைப்பலகை நல்லது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்தியது, விண்டோஸிலும் போனிலும் கிடைக்கும். தினம் அரை மணி நேரம் பயிற்சி செய்தால் இரண்டு மாதத்தில் கை பழகும். வேலைத் தேர்வில் பெரும்பாலும் ஒரு ஆங்கிலச் செய்தியைக் கொடுத்துக் குறிப்பிட்ட நேரத்தில் தமிழில் அடித்துத் தரச் சொல்வார்கள். அங்கே வேகம் வேண்டும்.

சில அலுவலகங்களில் இன்னும் பழைய எழுத்துருவில் பக்கம் வடிவமைக்கிறார்கள். யூனிகோடில் அடித்ததை மாற்றி ஏற்றும்போது துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர வந்து உட்காரும், ஸ்ரீ உடைந்துபோகும். மாற்றிய பிறகு பெயர்களையும் எண்களையும் ஒருமுறை எழுத்து எழுத்தாகப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திவிடுங்கள்.